ஏஜென்ட்டுகள் பென்சில் பிடித்த வாரம்

கொல்கத்தாவில் நான் முதலில் தோற்றது ஓர் ஆட்டோவிடம். சால்ட் லேக்கில் தங்கியிருந்த விடுதிக்கு வெளியே நின்ற வண்டியில் ஏறி, போகவேண்டிய அலுவலகத்தைச் சொன்னேன். ஓட்டுநர் தலையை ஆட்டினார், வண்டியை எடுக்கவில்லை. குரங்குக் குல்லா போட்ட ஓர் அம்மா ஏறினார். கல்லூரிப் பெண் ஒருத்தி ஏறினாள். கடைசியாக ஒருவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பாதி உடம்பைக் காற்றில் விட்டு உட்கார்ந்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

தூத்துக்குடியிலும் ஷேர் ஆட்டோ உண்டு. "அண்ணாச்சி, அந்த முக்குல கொஞ்சம் விட்டுருங்க" என்றால் வளைந்து கொடுப்பார்கள். இங்கே ஆட்டோ என்பது தண்டவாளம் இல்லாத ரயில். அதற்கென்று ஒரு தடம் உண்டு, அதை விட்டு விலகாது. நான் இறங்கவேண்டிய கட்டடம் போன் வரைபடத்தில் பின்னால் நழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டே கடைசி நிறுத்தமான உல்டாடாங்கா வரை போய்ச் சேர்ந்தேன். "எந்த ஊர்?" என்று குல்லா அம்மா இந்தியில் கேட்டார். சொன்னேன். "அங்கே குளிரே வராதாமே," என்று பரிதாபப்பட்டார். "பாவம், ஸ்வெட்டர் போட உங்களுக்கெல்லாம் கொடுத்துவைக்கவில்லை."

நான் நடுங்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஜனவரி மாதம். கையில் மடிக்கணினி, அதற்குள் என் மூன்று ஏஜென்ட்டுகள்.

ஏஜென்ட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது ஒன்று. அதனிடம் ஒரு வேலையையும் அதற்குத் தேவையான கருவிகளையும் கொடுத்து, "நீயே படிப்படியாகச் செய்து முடி" என்று விடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஏஜென்ட். அதை உருவாக்குவது பாதி வேலை. சரியான திசையில் ஓட்டுவது மீதி. பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வரும்போது பைலட் ஒருவர் ஏறி வழிகாட்டுவாரே, அந்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த உவமைதான் வரும். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்.

நான் வந்திருந்த நிறுவனம் இறக்குமதிச் சரக்குகளுக்காகச் சுங்கத்தில் தாள் வேலை பார்த்துக் கொடுப்பது. தலைமை அலுவலகம் சால்ட் லேக்கில், தாள்கள் வந்து குவியும் கிளை கிடர்பூர் துறைமுகத்தில். என் முதல் ஏஜென்ட் ஸ்கேன் செய்த தாள்களைப் படிக்கும். இரண்டாவது, ஒரு தாளில் உள்ள எடையும் பெட்டிக் கணக்கும் இன்னொரு தாளில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். மூன்றாவது, சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவத்தின் வரைவை எழுதும். வெள்ளிக்கிழமை நேரடித் தேர்வு: அன்று வரும் முப்பது கோப்புகள், மாலை நான்கு மணிக்குள், தவறான வரைவு ஒன்றுகூட இல்லாமல். தேறினால் அவர்களுடைய எல்லாத் துறைமுகங்களுக்கும் என் ஏஜென்ட்டுகள் போகும். தோற்றால் திட்டத்தையே மூடிவிட்டு, சென்னையில் பழைய சம்பளப் பட்டியல் மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். நான் தனியாகப் பொறுப்பேற்று வந்த முதல் வேலை இது.

அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனவனை வாசலில் நின்று வரவேற்றவர் சுந்தர். அங்கே கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர், முப்பது வயது இருக்கும். அவருடைய அப்பா துறைமுக வேலைக்காக நாகப்பட்டினத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

"தப்பு லைன் ஆட்டோல ஏறிட்டியா? அரே பாபா, இங்க வர்ற எல்லாரும் அதத்தான் பண்றாங்க," என்றார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே."

"அண்ணேவா? ஆஹா! அம்மாவத் தவிர என்கிட்ட யாரும் தமிழ்ல பேசறதில்ல. தப்பா பேசினா சிரிக்காத. அம்மா பேசறது நாகப்பட்டினம் தமிழ், நான் பேசறது எங்க ஏரியா டாலிகஞ்ச் தமிழ்."

ஒத்திகைக்காகப் போன மாதத்துப் பழைய கோப்புகள் நாற்பதை என் ஏஜென்ட்டுகளிடம் கொடுத்தார்கள். முப்பத்துமூன்று அச்சாகப் பொருந்தின. ஏழு பொருந்தவில்லை. தாளில் தட்டச்சாகி இருந்ததை ஏஜென்ட் அப்படியே எழுதியிருந்தது. ஆனால் கிடர்பூர்க்காரர்கள் வேறு எடையோ வேறு எண்ணோ போட்டுத் தாக்கல் செய்திருந்தார்கள். அவர்கள் போட்டதுதான் சரியாகவும் இருந்தது. மேலாளர் சக்ரவர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழு தப்பு என்றால் ஏழு கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், தம்பி. அதுவும் எவ்வளவு நம்பிக்கையோடு தப்புப் பண்ணுகிறது பார்! எங்கள் அரசியல்வாதிகள்கூடக் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் சொல்வார்கள்."

செவ்வாய்க்கிழமை முழுக்க அறிவுறுத்தல்களை மாற்றி மாற்றி எழுதினேன். 'கவனமாகப் படி' என்றேன். 'இரண்டு முறை படி' என்றேன். ஒரு பக்கமாக இருந்த அறிவுறுத்தல் நான்கு பக்கமானது. அதே ஏழு தப்பு அதே நம்பிக்கையோடு திரும்பி வந்தது. மதியம் சுந்தர் என்னை இழுத்துக்கொண்டு தெருவோரக் கடைக்குப் போனார். சால்வை போர்த்திய மென்பொருள்காரர்கள் வரிசையாக நின்று தொன்னையில் பட்டாணிச் சுண்டலையும் பூரி மாதிரியான லுச்சியையும் தின்றுகொண்டிருந்தார்கள். சென்னையில் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே நின்று தின்பவர்கள் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே இரண்டு பேர் ஒரு கால்பந்தாட்டக் கோலைப் பற்றி, கண்ணில் நீர் வருமளவுக்குச் சண்டை போட்டார்கள். "எப்போ நடந்த மேட்ச்?" என்றேன். "இவங்க ரெண்டு பேரும் பொறக்கறதுக்கு முன்னாடி," என்றார் சுந்தர்.

"கிடர்பூர் ஆளுங்க எதைப் பார்த்து எண்ணை மாத்தறாங்க?" என்று கேட்டேன்.

"அது சால்ட் லேக்ல யாருக்கும் தெரியாது. அவங்க இஷ்டத்துக்கு மாத்தறாங்கன்னு சார் பொலம்புவாரு. அங்க இருக்கற மௌஷுமி அக்காகிட்டதான் கேக்கணும். ஆனா உஷார். கடிச்சிருவா."

புதன்கிழமை பஸ். நடத்துநர் கதவுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஊர்ப்பெயர்களைப் பாட்டாகப் பாடினார். கிடர்பூரை நெருங்கும்போது வண்டி நின்றது. பத்து நிமிடம். இருபது நிமிடம். முன்னால் லாரிகள், கைவண்டிகள், எல்லாமே அசையாமல் நின்றன. யாரும் ஹாரன்கூட அடிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இறங்கி முன்னால் நடந்து போய்ப் பார்த்தேன்.

சாலை செங்குத்தாக வானத்தைப் பார்த்து நின்றது. துறைமுகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். நாங்கள் போகவேண்டிய சாலையின் குறுக்கே, ஒரு கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, ரோட்டுல கப்பல் போகுது."

"ஏலே, காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

காணொளியைத் திறந்து காட்டினேன். நாற்பது வருடமாகக் கப்பலோடு கிடக்கும் மனுஷன், திரைக்கு வெளியே வந்துவிடுகிற மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, "எவம்ல அந்தக் கயித்த இப்படித் தொங்கப் போட்டவன்? வேலை தெரியாத பய," என்றார். எனக்கு உலகமே சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

கிடர்பூர் கிளை இரண்டாவது மாடியில். கூரை உயரம், ஜன்னல்கள் உயரம், அடுக்கிய கோப்புகள் இரண்டையும்விட உயரம். தலைமை எழுத்தர் மௌஷுமிக்கு நாற்பது வயது இருக்கலாம். எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வா சென்னை. என் நாற்காலியை அளவெடுக்க வந்தியா?"

"நான் தூத்துக்குடி, தீதி."

"எங்கே இருந்து வந்தாலும் நாற்காலி அதே அளவுதான். உட்கார். முதலில் சாப்பிடு. நாங்களும் ஏஜென்ட்தான், சுங்க ஏஜென்ட். எங்களுக்குப் பசிக்கும். உன்னுடையதுக்குப் பசிக்காதாமே, அங்கேதான் எனக்குச் சந்தேகம்."

பொரியில் கடுகெண்ணெய் விட்டு, பச்சை மிளகாயும் வெங்காயமும் கலந்து, காகிதக் கூம்பில் கொடுத்தார். கடுகெண்ணெய் மூக்கு வழியாக மூளைக்குப் போனது. என் கண்ணீரைப் பார்த்து அந்த அறையே சந்தோஷப்பட்டது.

பிரச்சினைக்குரிய ஏழு கோப்புகளின் மூலத்தாள்களைக் கேட்டு வாங்கி, என் திரையில் இருந்த ஸ்கேனோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பக்கத்து மேசையில் தீதி ஒரு தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் தாளைச் சாய்த்தேன்.

தட்டச்சான எடைக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில், மெலிதாக ஒரு கேள்விக்குறி. அதன் கீழே வேறொரு எண்.

"இது என்ன, தீதி?"

"பென்சில். பார்த்ததே இல்லையா?"

"இல்ல, ஏன் பென்சில்ல எழுதறீங்க?"

பொறுமையிழந்து சொன்னார். அந்த அலுவலகத்தில் பேனாவால் எழுதினால் அது முடிவு. சந்தேகத்தைப் பேனாவால் எழுதவே கூடாது. தாள் தப்பித்தவறி சுங்க அதிகாரி கைக்குப் போனால் அவர் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொள்வார். அதனால் சந்தேகம் எல்லாம் பென்சிலில். பிறகு சரக்குக்காரரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டு, உறுதியானதைத் தாக்கல் செய்வார்கள். அந்தத் தாளின் அலுவலகப் பிரதிதான் ஸ்கேன் ஆகி சால்ட் லேக் போகும்.

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். ஃபைல் பெரிதாகக் கூடாது என்று யாரோ எப்போதோ ஸ்கேனரைக் கறுப்பு-வெள்ளையில் வைத்திருந்தார்கள். பேனா எழுத்து கறுப்பாகத் தங்கியது. பென்சில் எழுத்து வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது.

தீதி திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியென்றால் இரண்டு வருஷமாக நான் எழுதியது எதுவுமே அங்கே போகவில்லையா?" என்றார். "எண்ணை மாற்றியது யார் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், என் குறிப்பைப் படித்துவிட்டு வேண்டுமென்றே கேட்கிறார்கள் என்று நினைத்தேன். போன துர்கா பூஜைக்கு வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை, அந்தச் சக்ரவர்த்திக்கு!"

சாம்பல் நிறமும் விழும்படி ஸ்கேனரை மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. ஏழு கோப்புகளும் அன்றைக்கே சரியாயின. திரும்பி வரும்போது நோலென் குர் சந்தேஷ் வாங்கித் தின்றேன். பேரீச்சை மரத்துப் பதநீரைக் காய்ச்சிய வெல்லத்தில் செய்த பாலினிப்பு அது. கருப்பட்டிச் சீமையில் பிறந்தவன் நான், அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்றாவது துண்டில் விட்டுக்கொடுத்தேன்.

கொண்டாட்டம் ஒரு ராத்திரிதான். வியாழக்கிழமை காலையில் கிடர்பூரிலேயே உட்கார்ந்து வேறு நாற்பது பழைய கோப்புகளைப் புதிதாக ஸ்கேன் செய்து ஓட்டினேன். இப்போது ஏஜென்ட் பென்சிலைப் பார்த்தது. பார்த்ததும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டது. இரண்டு கோப்புகளில் தீதி சந்தேகப்பட்டிருக்கிறார், விசாரித்ததில் தட்டச்சே சரி என்று தெரிந்திருக்கிறது. என் ஏஜென்ட் பென்சில் எண்ணை எழுதிவிட்டு, அதே நம்பிக்கையோடு கையைக் கட்டி நின்றது.

"நான் சந்தேகப்பட்டதை இது சத்தியம் பண்ணுகிறது," என்றார் தீதி. "ஏன் என்னைக் கேட்கவில்லை?"

ஏன் கேட்கவில்லை? அறிவுறுத்தலின் தலைப்பக்கம் போனேன். முதல் வரியே நான் எழுதியது: 'திரும்பக் கேள்வி கேட்காதே. கிடைத்ததை வைத்து முடி.'

அதை எழுதியபோது அது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. கேள்வி கேட்கிற இயந்திரத்தை யார் வாங்குவார்கள்? ஆனால் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோது முகம் சூடானது. கல்லூரியில் நான்கு வருடமும் நான் கை தூக்கியதில்லை. என் ஆங்கிலம் வெளியே தெரிந்துவிடும், வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லாதது தெரிந்துவிடும் என்று பயம். தெரியாததை ஊகித்து, தெரிந்த மாதிரி எழுதிப் பழகினேன். பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். அதே பழக்கத்தைத்தான் என் ஏஜென்ட்டுக்கும் ஊட்டி வளர்த்திருந்தேன்.

அந்த வரியை அழித்தேன். நான்கு பக்கத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'தட்டச்சும் பென்சிலும் ஒத்துப்போகாத இடத்தில் எதையும் நீயாகத் தேர்ந்தெடுக்காதே. உனக்கு எது தெரியவில்லை, ஏன் தெரியவில்லை, யாரைக் கேட்டால் தெரியும் என்று ஒரு வரி எழுதிவிட்டு அங்கேயே நில். பதில் வந்த பிறகு தொடர். நிற்பது தோல்வி அல்ல.' கூடவே, அதுவரை ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டாவது ஏஜென்ட்டுக்கு, அன்றைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவைத்தேன். ஒரே சரக்குக்காரரின் இன்னொரு தாளில் பதில் இருந்தால் அதுவே எடுத்துக்கொள்ளட்டும் என்று.

அடுத்த ஓட்டத்தில் அது அறுபது கேள்வி கேட்டது. முத்திரை ஏன் சாய்ந்திருக்கிறது, இந்த ஊர்ப்பெயரில் ஏன் ஓர் எழுத்து குறைகிறது, இந்தக் கறை தேநீர்க் கறையா?

"ஐயோ," என்றார் தீதி, "இதற்கு என் மாமியாரே தேவலை."

இரண்டு பேரும் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். எடை, பெட்டி எண்ணிக்கை, கன்டெய்னர் எண், சரக்கின் பெயர் இவற்றில் சந்தேகம் வந்தால் நிற்கவேண்டும். மற்றதைக் குறித்துக்கொண்டு போகலாம். எது முக்கியம் என்று தீதி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியது சுற்றி வளைத்து இருந்தபோது அவர் திருத்தினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பது கோப்புக்கு ஒன்பது கேள்வி. ஒன்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

வெள்ளிக்கிழமை சக்ரவர்த்தியே சுந்தரையும் கூட்டிக்கொண்டு கிடர்பூருக்கு வந்துவிட்டார். மேலாளரும் தீதியும் ஒருவரையொருவர் பார்க்காமல் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். முப்பது கோப்புகளும் பென்சில் குறிப்புகளோடு ஸ்கேன் ஆகி உள்ளே போயின. தீதியின் ஆட்கள் தங்கள் வழக்கப்படி தனியாகச் செய்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு ஏஜென்ட்டுகள் இருபத்துமூன்று வரைவுகளை முடித்திருந்தன. ஏழில் நின்றுவிட்டன.

சக்ரவர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு முடியவில்லையே."

நின்ற கோப்புகளைத் திரையில் திறந்தேன். அப்போது தீதி தன் கோப்புக்கட்டைத் தூக்கி அவர் முன்னால் போட்டார். "எனக்கும் ஐந்து முடியவில்லை, சார். சந்தேகம் இருக்கிறதை முடித்ததாகச் சொன்னால் உங்களுக்குத் திருப்தியா?"

அவருடைய ஐந்தும் ஏஜென்ட் நின்ற ஏழில் இருந்தன. மிச்ச இரண்டு? தீதி என் திரையைக் குனிந்து படித்தார். ஏஜென்ட் எழுதியிருந்தது இதுதான்: 'பதினொன்றாவது கோப்பிலும் இருபத்தாறாவது கோப்பிலும் ஒரே கன்டெய்னர் எண் இருக்கிறது. ஒரு கன்டெய்னர் இரண்டு கப்பலில் வந்திருக்க முடியாது. எது தவறு என்று எனக்குத் தெரியவில்லை. கப்பல் கம்பெனியைக் கேட்கவும்.'

அந்த இரண்டு கோப்புகளும் இரண்டு வேறு மேசைகளில் கிடந்தன. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேருமே சரி என்று வைத்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சரிதான்.  தீதி போனை எடுத்தார். அடுத்த முனையில் யாரோ தேட, காத்திருக்க, மறுபடி தேட, நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில், "பதினொன்று சரி. இருபத்தாறில் அவர்களே தப்பாக அடித்து அனுப்பியிருக்கிறார்கள்," என்றார். பிறகு போனை வைத்துவிட்டு, "இது என் கையெழுத்தில் போயிருக்கும்," என்று தனக்குள் சொன்னார்.

மற்ற ஐந்துக்கும் விசாரித்துப் பதில் கொடுத்தோம். ஏஜென்ட்டுகள் வாங்கிக்கொண்டு நகர்ந்தன. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முப்பதும் முடிந்தன. முப்பதும் சரி. சுந்தர் என் முதுகில் வைத்த அடியில் குளிர் போய்விட்டது. "ஜிதே கேச்சி! ஜெயிச்சிட்டோம்டா தூத்துக்குடி!" என்று கத்தினார்.

சக்ரவர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினம். எப்போது ஆரம்பிக்கலாம்?"

நாளைக்கே என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்திருக்கலாம். நான் கை தூக்கினேன். நிஜமாகவே, வகுப்பில் தூக்குவது மாதிரி.

"ஒரு கேள்வி சார். ஏஜென்ட் நின்னு கேட்டா பதில் சொல்ல ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு ஆள் வேணும். தாளைத் தெரிஞ்ச ஆள். கிடர்பூர்ல அது யாருன்னு ஒப்பந்தத்துலயே பேர் போட்டு எழுதணும். அது இல்லாம இது ஓடாது."

அவர் தீதியைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்றார் தீதி. "என் பேரை எழுதுங்கள். பேனாவில் எழுதுங்கள்."

சனிக்கிழமை டாலிகஞ்சில் சுந்தர் வீட்டில் மதியச் சாப்பாடு. மெட்ரோவில் போனேன், தடம் மாறாத வண்டிகளோடு எனக்கு இப்போது பகை இல்லை. சுந்தரின் மனைவி வங்காளி, எனக்குப் பௌதி, அதாவது அண்ணி. கடுகு அரைத்துவிட்ட மீனை அவர் பரிமாற, சுந்தரின் அம்மா பக்கத்திலேயே ரசத்தோடு நின்று, "இதையும் ஊத்திக்கய்யா, அது ஒடம்புக்குச் சூடு," என்று போட்டி நடத்தினார். பாதிச் சாப்பாட்டில் என் போன் அதிர்ந்தது. கிடர்பூரிலிருந்து, தேர்வெல்லாம் முடிந்து உண்மையான வேலையில், ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி. எழுபது பெட்டியா, எழுபத்திரண்டா?

கை கழுவ எழுந்தேன். எழுந்து முடிப்பதற்குள் கேள்விக்குக் கீழே பதில் வந்துவிட்டது: 'எழுபத்திரண்டு. கேட்டுவிட்டேன். மௌஷுமி.' அதற்குக் கீழே ஏஜென்ட் வரைவை முடித்திருந்தது. இதற்கு நடுவில் என்னை யாரும் தேடவில்லை. யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "பௌதி, இன்னொரு துண்டு மீன் இருக்குமா?" என்று கேட்டேன்.